பந்தி முடியும்வரை

உலகம்மாள் துண்டைக் கிழித்து, கணவரின் தாடையைச் சேர்த்து உச்சியில் முடிச்சுப் போட்டபோது, அவள் விரலிடுக்கில் இட்லி மாவு காய்ந்திருந்தது. முடிச்சு ஒரு தடவை நழுவியது. மாவுப் பொருக்கு ஒன்று அவர் காதோரத்து நரையில் ஒட்டிக்கொண்டது. அதை நகத்தால் எடுத்துவிட்டு மறுபடியும் கட்டினாள்.

ஆற்றுப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. யாரோ ஒரு பெண் குளிர் தாங்காமல் கூவிக்கொண்டே தண்ணீரில் இறங்குகிறாள். அருவிச் சீசன் சூடுபிடித்த ஞாயிற்றுக்கிழமை. தோப்பில் அவர்கள் வாடகைக்குப் போட்டிருந்த எல்லாக் கூடாரத்திலும் ஆட்கள்.

மகன் நம்பிராஜன் இலஞ்சியிலிருந்து டாக்டரைத் தோப்பின் பின்வழியாகக் கூட்டிவந்து, பின்வழியாகவே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருந்தான். "நெஞ்சுவலிதான்" என்பதற்கு மேல் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது நம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மருமகள் ஸ்ரீதேவி கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் நெஞ்சு ஏறியது. வாய் திறந்தது. உலகம்மாள் எட்டி அந்த வாயைப் பொத்தினாள்.

"ஏட்டி, சத்தம் காட்டாத. பந்தி முடியட்டும்."

நம்பி நிமிர்ந்து பார்த்தான். "என்னம்மா சொல்லுத?"

"பச்சப் பிள்ளைய வச்சிக்கிட்டு வந்திருக்காவ. இந்நேரத்துக்கு வெறும் வயித்தோட எங்க போவாவ? சாப்பிட்டுட்டு எல்லாரும் காலி பண்ணி ஐந்தருவிக்குக் கிளம்பிருவாவ. அதுக்கப்புறம் அழுவோம்."

"நான் அவிய கிட்டப் போய் சொல்லிருதேம்மா. புரிஞ்சிக்கிடுவாவ."

"சொன்னா சாப்பிடுவாவளா?"

அதன்பிறகு அந்த நாள் முழுக்க உலகம்மாள் இந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து நின்றாள். அழுகையை அடக்கச் சொல்லி மகன் சொல்லியிருந்தால் ஒரு பங்கை அவன் தலையில் ஏற்றியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள். வந்தவர்கள் பசியோடு போகக்கூடாது என்றுதான் சொன்னாளா? போன வருஷம் பக்கத்துத் தோப்பில் ஒரு சாவு விழுந்தபோது, கொட்டுச் சத்தம் கேட்டதும் பாதிப் பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிப் போனது அவள் மனதில் எங்கேயும் இல்லையா? அவளுக்கே தெரியவில்லை.

வேட்டியை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள். ஜன்னல் திரையைச் சேர்த்து மூடினாள். கதவைச் சாத்தி வெளியே கொண்டி போட்டுவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள்.

முதல் ஈட்டை ஸ்ரீதேவி எப்போதோ இறக்கி வைத்திருந்தாள். அந்த இட்லி அவர் உயிரோடு இருக்கும்போது ஊற்றியது. கொப்பரையில் தண்ணீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. உலகம்மாள் தட்டில் ஈரத்துணியை விரித்தாள். கரண்டி மாவை மொண்டது. ஒவ்வொரு குழியாக நிரப்பினாள். ஒரு குழியில் மாவு கூடிப்போனது. கரண்டி நுனியால் வழித்து அடுத்த குழிக்குத் தள்ளினாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாததில்லை. எத்தனையோ வீடுகளில் முதல் ஆளாகப் போய் அடுப்பை அணைத்தவள் அவள். மூடியை எடுத்து மூடிவிட்டு அப்படியே நின்றாள். அவள் கைகள் பழகிய வேலையைப் பழகிய விதத்தில் செய்தன. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. காலித் தம்ளரோடு சலீம் பாய் நின்றிருந்தார்.

"மதினி, அண்ணாச்சி எங்க? கல்லுல உக்காந்திருந்தோம். பாதியில எந்திரிச்சி வந்துட்டாவ."

முகம்மது சலீம் வீரகேரளம்புதூர்க்காரர். வெளிநாட்டில், தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்து நரைத்தபிறகு திரும்பியவர். இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார். ஊரில் இருந்த வீடு பாகம் பிரிந்து கைமாறிவிட்டது. இந்தத் தோப்பில் கூடாரம் போட்ட முதல் சீசனிலிருந்து தவறாமல் வருகிறார். "சொந்த ஊருக்கு வந்து டெண்ட்ல படுக்குத ஒரே ஆளு நான்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். அவரும் உலகம்மாளின் கணவர் சுந்தரபாண்டியும் விடிந்ததும் ஆற்றோரக் கல்லில் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்காருவார்கள். வெயில் ஏறும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். உலகம்மாள் காபி கொண்டுபோகும்போது கேலி செய்வாள்: "ரெண்டு பேரும் பேசவே மாட்டேங்கீய. பிறகு என்னத்துக்கு ஒண்ணா இருக்கீய?" சுந்தரபாண்டி சொல்வார்: "தனியா பேசாம இருந்தா கிறுக்கன்னு சொல்லுவாவள்லா?"

போன தை மாதம் பாயின் மனைவி ஷரீபுன்னிசா மௌத்தானபோது, துபாயில் இருக்கும் மகனுக்குச் சொன்ன கையோடு அவர் போன் பண்ணியது இங்கேதான். சுந்தரபாண்டி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசலில் நின்றார். அந்தப் பக்கமும் பேச்சில்லை, இந்தப் பக்கமும் இல்லை.

"வாய்வு பிடிச்சிருக்கு பாய்" என்றாள் உலகம்மாள். "ஓமத்தண்ணி குடுத்தேன். தூங்குதாவ."

"நெஞ்சைத் தடவிக்கிட்டே போனாவ. அதான் கேட்டேன். டாக்டர்ட்ட காட்டுவமா?"

"காட்டியாச்சு. ஒண்ணுமில்ல."

அவர் தம்ளரைத் திண்டில் வைத்தார். "சரி, எழுப்பாதீய. தூங்கட்டும். நான் இன்னிக்குக் கிளம்பணும்லா. மத்தியானம் வீரகேரளம்புதூர்ல தங்கச்சி மக வீட்டுல சாப்பாடு. சாயங்காலம் ரயிலு. கார் வாரதுக்குள்ள எந்திரிச்சாவன்னா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவேன்."

சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். பாய்க்குப் பின்னால் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி ஈரத் தலையோடு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங் ஆன்ட்டி, கொஞ்சம் பால் கிடைக்குங்களா? பாப்பா அழுகறா."

உலகம்மாள் பாலை எடுக்கத் திரும்பினாள். இவள் போகட்டும். மற்றவர்கள் போகட்டும். பாயிடம் தனியாகச் சொல்லலாம். எல்லாரும் கிளம்பினபிறகு முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும். அவர் இருந்தால்தான் அழுவதற்கே ஒரு தைரியம் வரும்.

கீற்றுக் கொட்டகையில் பந்தி ஆரம்பித்தது. நம்பி இலை போட்டான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் உலகம்மாள் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டாள். ஸ்ரீதேவி சமையல்கட்டைவிட்டு வெளியே வரவே இல்லை.

"அம்மா, ஐயா எங்க காணோம்?" என்றான் மதுரையிலிருந்து நண்பர்களோடு வந்திருந்த ஒரு பையன். "நேத்து ராத்திரி பூராம் பேய்க் கதை சொல்லிப் பயமுறுத்திட்டு இப்ப ஆளக் காணோம்."

"இவென் ராத்திரி பாத்ரூம் போகவே இல்லம்மா" என்றான் இன்னொருவன். "விடிய விடிய அடக்கிட்டுக் கெடந்தான்." எல்லாரும் சிரித்தார்கள்.

"தூங்குதாவ தம்பி" என்றாள் உலகம்மாள். இரண்டாவது தடவை சொல்லும்போது அது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"இன்னும் ரெண்டு போடுங்கம்மா. பஞ்சு மாதிரி இருக்கு."

அவள் போட்டாள். அந்த இரண்டும் இரண்டாவது ஈட்டு இட்லி. மூங்கில் காலுக்குப் பக்கத்தில் சலீம் பாயும் அதையேதான் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் இலையின் பக்கம் போனபோது அவள் குனிந்து சாம்பாரை மட்டும் பார்த்தாள்.

கார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ரோட்டிலிருந்து ஹாரன் கேட்டதும் பாய் இலையை மடித்து எழுந்தார். கைகழுவினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வீட்டுப் பக்கம் போனார். பூட்டாத கொண்டியைப் பார்த்தார், அதைத் தொடவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சருகு நொறுங்காமல் அடிமேல் அடி வைத்துச் சுவரைச் சுற்றி ஜன்னல் பக்கம் போனார். மூடிய திரைக்கு வெளியே நின்று தலையைச் சாய்த்தார். உதடு அசைந்தது.

உலகம்மாள் பிடித்திருந்த வாளி சாய்ந்தது. சாம்பார் ஒரு சொட்டு அவள் காலில் விழுந்தது. சூடு உறைக்கவில்லை.

அவர் அதே மெத்தென்ற நடையில் திரும்பி வந்தார். கொட்டகை ஓரத்தில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சத்தமே இல்ல மதினி. நல்ல தூக்கம். எந்திரிச்சதும் சொல்லுங்க. ரயில் ஏறுததுக்கு முன்ன போன் பண்ணுதேன்னு."

"சரி பாய்" என்றாள்.

"ஆன்ட்டி, இங்க சட்னி!"

அவள் திரும்பினாள். சட்னி ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஓடியிருக்கலாம். கொட்டகைக்கும் ரோட்டுக்கும் நடுவில் வாழைதான். வாளியைக் கீழே வைத்துவிட்டு, பாய் என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். மதுரைப் பையன்கள் கையைத் தூக்கி அவருக்கு டாட்டா காட்டினார்கள். கார் கிளம்பிப் போனது.

ஒவ்வொருவராகக் கிளம்ப வெகுநேரம் ஆனது. ஒருத்தி செல்பி எடுக்க வேண்டும் என்று உலகம்மாளின் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கோயம்புத்தூர்ப் பெண், "அங்கிள்கிட்டயும் சொல்லீருங் ஆன்ட்டி, அடுத்த வருசமும் இங்கதானுங்க" என்றாள். கடைசி வண்டி திரும்பி மறைந்ததும் தோப்பில் ஆற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"அம்மா" என்றான் நம்பி.

ஸ்ரீதேவி அறைக்குள் ஓடி விழுந்து அழுதாள். நம்பி வாசல்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். உலகம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. காலையில் ஸ்ரீதேவியின் வாயைப் பொத்திய உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சலீம் பாய்க்குப் போன் போடுலே" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"அவரு இந்நேரம் வீரகேரளம்புதூர் போயிருப்பாரும்மா."

"போடு."

நம்பி வெளியே போய்ப் பேசினான். திரும்பி வந்து, "ஒண்ணுமே பேசலம்மா. வச்சிட்டாரு" என்றான்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. ராயகிரியிலிருந்து சுந்தரபாண்டியின் தங்கை சங்கரேஸ்வரி தலைவிரி கோலமாக வந்து அண்ணன் மேல் விழுந்தாள். அழுது ஓய்ந்து தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்குப் போனவள், அங்கே கழுவாமல் கிடந்த இட்லித் தட்டுகளைப் பார்த்தாள். ஸ்ரீதேவியிடம் ஏதோ கேட்டாள். திரும்பி வந்தபோது அவள் அழுகை வேறு மாதிரி இருந்தது.

"என் அண்ணன் இங்கன கட்டையா கெடக்கும்போது நீ அங்கன ஊரானுக்கு இட்லி அவிச்சியா மதினி? வந்தவன் போனவனுக்கெல்லாம் இலை போட்டு வட்டிச்சியே, என் அண்ணனுக்கு ஒரு சத்தம் குடுத்தியா?"

கூட்டத்தில் யாரோ, "விடு தாயி, இப்ப போயி" என்றார்கள். யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று உலகம்மாள் காத்திருந்தது போலத்தான் இருந்தது. நம்பியின் கையிலிருந்த போன் விர்ரென்று அதிர்ந்தது. பார்த்துவிட்டுச் சட்டென்று கவிழ்த்துக்கொண்டான்.

"யாருலே? பாயா?"

"இல்லம்மா. காலையில போனவிய. நல்லா கவனிச்சிக்கிட்டாவன்னு போட்டிருக்காவ."

நீர்மாலைக்கு எழுந்தார்கள். உடம்பைக் குளிப்பாட்ட ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வரவேண்டும். வெள்ளை வேட்டியை நான்கு பேர் நான்கு நுனியில் தூக்கிப் பிடிக்க, அதன் நிழலில் நம்பியும் பங்காளிகளும் குடத்தோடு நடந்தார்கள். முன்னால் சங்கும் கொட்டும். கூடாரங்களுக்கு நடுவில்தான் ஆற்றுக்குப் பாதை. ஒரு கூடாரத்தின் வாசலில் யாரோ விட்டுப்போன ரப்பர் மிதவை கிடந்தது. வேட்டி பிடித்தவர்கள் அதைச் சுற்றிப் போனார்கள். திரும்பி வரும்போது, கமுகு மரங்களுக்குப் பக்கத்தில் கையில் பையோடு சலீம் பாய் நின்றிருந்ததை உலகம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ரயிலை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

குளிப்பாட்டி முடித்து மாலை போட்டபிறகு அவர் உள்ளே வந்தார். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. சுந்தரபாண்டியின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு தலையை நிமிர்த்தினார். கட்டிலுக்கு மேல் ஜன்னல் இருந்தது. திரையை இப்போது யாரோ ஒதுக்கியிருந்தார்கள். வெளியே சருகு கிடந்த இடம் தெரிந்தது. காலையில் தான் நின்ற இடத்துக்கும் இந்தத் தலையணைக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை என்பதை அவர் பார்த்தார். அவர் பார்ப்பதை உலகம்மாள் பார்த்தாள்.

அவள் பக்கம் திரும்புவார் என்று நினைத்தாள். திரும்பவில்லை. வெளியே போய், பாடை கட்டுகிறவர்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றார். தூக்கும்போது ஆண்களோடு அவரும் போனார்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு அங்கங்கே உட்கார்ந்தார்கள். யாரோ கடையிலிருந்து காபி வாங்கி வந்தார்கள். உலகம்மாள் சமையல்கட்டு வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் ஆற்றில் முங்கிவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். கடைசியாக சலீம் பாய் வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நேராக அவள் எதிரே வந்து நின்றார்.

அவள் எழுந்தாள். "பாய், நான் காலையில..."

"வேண்டாம் மதினி."

கையில் சொட்டிய நீரை உதறினார். பிறகு கேட்டார்: "கடைசியா ஏதாச்சும் சொன்னாவளா?"

உங்களைத்தான் கேட்டாவ என்று சொல்ல ஒரு பதில் அவளிடம் இருந்தது. மத்தியானத்திலிருந்தே அதை அவள் உள்ளே வைத்திருந்தாள். சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. காலையிலிருந்து சொன்னதோடு இதுவும் ஒன்றாகப் போகும்.

"தெரியல பாய்" என்றாள். "நான் பக்கத்துல இல்ல. படுங்க, ஈடு ஏத்திட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சட்னிக்கு மிக்சி ஓடிக்கிட்டு இருந்துச்சு. கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. நிப்பாட்டிக் கேட்டேன். ஆத்துச் சத்தம்தான் கேட்டுது."

அவர் காத்திருந்தார்.

"மறுபடியும் ஓட்டிட்டேன்."

உள்ளே சங்கரேஸ்வரி யாரிடமோ மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள். சலீம் பாய் ஆற்றின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் சுந்தரபாண்டியோடு கல்லில் பேசாமல் உட்கார்ந்திருந்தது வேறு, இது வேறு என்று மட்டும் தெரிந்தது.

சாரல் விழ ஆரம்பித்தது. முதலில் வாழையிலையில் கேட்டது. பிறகு முகத்தில் பட்டது. தென்னைக்கும் தென்னைக்கும் நடுவில் கட்டிய கொடியில் கூடாரங்களின் வெள்ளை விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. நேற்று துவைத்துப் போட்டவை. எடுக்க யாருக்கும் நினைவில்லை.

உலகம்மாள் படியிறங்கினாள். "ஏ மதினி, நீ எங்க போற? ஒக்காரு" என்று உள்ளேயிருந்து சங்கரேஸ்வரியின் குரல் வந்தது. அவள் நிற்கவில்லை. முதல் விரிப்பைக் கொடியிலிருந்து இழுத்தாள். அது பெரியது, ஒரு ஆளாக மடிக்க முடியாது. கீழ்ப்பக்கம் மண்ணில் படப்போனது.

மறுபக்கத்து நுனிகளை ஒரு கை எடுத்தது. சலீம் பாய் பின்னால் நகர்ந்து விரிப்பை இழுத்துப் பிடித்தார். இருவரும் ஒரு தடவை உதறினார்கள். நடுவில் மடித்தார்கள். அவர் முன்னால் நடந்து வந்து தன் நுனியை அவள் கையில் சேர்த்தார். அவள் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த விரிப்பின் இரண்டு நுனிகளையும் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு, பின்னோக்கி நடந்து தள்ளிப் போனார்.